தலையெழுத்தா? தேவ சித்தமா?

தியானப் பகுதி: லூக்கா 13:1-5, யோவான் 9:1-7, ரோமர் 8:28-30

 

நம்ம திருச்சியில் எந்த வீட்டுக்கு ஜெபிக்கப் போனாலும் சில வார்த்தைகள் காதில் விழும். புருஷனிடம் அடிபட்ட சகோதரி, "என்ன செய்யறது பாஸ்டர், என் தலையெழுத்து" என்பாள். பரீட்சையில் தவறின வாலிபன், "நேரம் சரியில்லைங்க" என்பான். மகளின் கல்யாணம் தள்ளிப்போகிற தாய், "தோஷம்" என்பாள். வியாபாரம் நொடித்தவர், "எல்லாம் விதி" என்று கையை விரிப்பார். ஊழ், வினை, கர்மா, பிராப்தம், கிரகம், ராசி, கொடுப்பினை என்று இதற்கு நம் தமிழில் எத்தனை வார்த்தைகள்!

சபைக்குள் வந்த பிறகு அநேகருக்கு வார்த்தை மட்டும்தான் மாறுகிறது. "விதி" என்ற இடத்தில் "தேவ சித்தம்" என்று போட்டுக்கொள்கிறார்கள். பயமும் சோர்வும் அப்படியே இருக்கிறது. தேவ பிள்ளையே, இது ஆபத்து! நாம் சொல்லுகிற வார்த்தையை வேத வெளிச்சத்தில் சோதித்துப் பார்ப்போம்.

1. ஊழ் என்று நம் முன்னோர் சொன்னது

திருக்குறளில் 38-ம் அதிகாரம் ஊழ். ஊழைவிடப் பலமானது எது என்று வள்ளுவர் அங்கே கேட்கிறார். ஆனால் 62-ம் அதிகாரமாகிய ஆள்வினையுடைமையில், தளராமல் உழைக்கிறவனுக்கு முன்னால் ஊழே தோற்றுப்போகும் என்கிறார். ஊழை நம்பினவர்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லவில்லை, கவனியுங்கள்.

சிலப்பதிகாரமும் ஊழ்வினையைச் சொல்ல வந்த காவியம்தான். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு புகாரிலிருந்து மதுரைக்கு நடந்தபோது, நம் ஸ்ரீரங்கத்தையும் உறையூரையும் தாண்டித்தான் போனார்கள். மதுரையில் கோவலன் வெட்டுண்டான். கண்ணகி "என் தலைவிதி" என்று மூலையில் அழுதுகொண்டிருந்தாளா? சிலம்பை எடுத்துக்கொண்டு அரசவைக்குப் போய் நியாயம் கேட்டாள். பாண்டியனும் பழியை ஊழின்மேல் போடவில்லை. குற்றம் தன்னுடையது என்று ஒத்துக்கொண்டு உயிரை விட்டான். முற்பிறப்பில் செய்த பாவமே காரணம் என்ற விளக்கம் பிறகு வருகிறது. நம் ஆண்டவர் சொன்ன பதிலோ வேறு.

2. சீலோவாம் கோபுரமும் ஸ்ரீரங்கம் தீயும்

2004 ஜனவரி 23-ம் தேதியை ஸ்ரீரங்கம் மறக்காது. ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கூரைப் பந்தலில் தீப்பிடித்தது. மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டுபோனார்கள். அதே வருஷம் ஜூலை 16-ம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் அறைத் தீ கூரையில் பற்றி, 94 பிள்ளைகள் கருகிப்போனார்கள். நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

இப்படி நடக்கும்போதெல்லாம் ஜனங்கள் "விதி" என்கிறார்கள். ஆனால் "விதி" என்ற அந்த வார்த்தைக்குத் தமிழில் இன்னொரு அர்த்தம் உண்டு. கட்டட விதி, சாலை விதி என்கிறோமே, அந்த விதி! ஜனக்கூட்டம் கூடுகிற இடத்தில் எளிதில் பற்றுகிற கூரை போடாதே, தப்பிப் போக வழி வை என்பது விதி. இந்த விதியை மீறிவிட்டு, அந்த விதியின்மேல் பழி போடலாமா?

இயேசுவின் நாட்களில் சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகளோ என்று ஆண்டவர் கேட்டு, இல்லை என்று அவரே பதில் சொன்னார் (லூக்கா 13:4,5). செத்தவர்களைக் குறை பேசாதே, உயிரோடிருக்கிற நீ மனந்திரும்பு என்பதே அவருடைய செய்தி.

பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு. அதோடு நிறுத்தவில்லை. சேறுண்டாக்கி, கண்களில் பூசி, சீலோவாம் குளத்துக்கு அனுப்பினார். கோபுரம் விழுந்ததும் சீலோவாம், குருடன் கண் திறந்ததும் சீலோவாம்! அல்லேலூயா! காரணம் தேடிக்கொண்டிருந்தவர்கள் நடுவில் அவர் சுகம் கொடுத்தார்.

3. முன்குறித்தல் என்றால் என்ன?

"பாஸ்டர், வேதத்திலேயே முன்குறித்தார் என்று இருக்கிறதே, அதுவும் விதிதானே?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கிரேக்க மூலத்தில் அந்த வார்த்தை "புரோஓரிட்சோ". "ஹோரோஸ்" என்றால் எல்லைக்கல். மனைக்கு எல்லைக்கல் நடுகிறோமே, அப்படி முன்னதாகவே எல்லை குறித்து வைப்பது. புதிய ஏற்பாட்டில் இது 6 இடங்களில்தான் வருகிறது. தேவன் எதை முன்குறித்தார்? நாம் தம்முடைய குமாரனின் சாயலுக்கு ஒப்பாக வேண்டும் என்று (ரோமர் 8:29). நாம் அவருக்குச் சுவிகார புத்திரராக வேண்டும் என்று (எபேசியர் 1:5). உன் புருஷன் உன்னை அடிக்க வேண்டும் என்றோ, உன் மகள் கல்யாணமாகாமல் இருக்க வேண்டும் என்றோ அங்கே ஒரு வரியும் இல்லை!

சிலுவையும் தேவ ஆலோசனையின்படி நடந்ததுதான். ஆனாலும் பேதுரு, நீங்கள்தான் அவரைக் கொலை செய்தீர்கள் என்று ஜனங்களின் முகத்துக்கு நேரே சொன்னான் (அப்போஸ்தலர் 2:23). தேவன் தீர்மானித்ததினால் மனுஷனுடைய பொறுப்பு நீங்கிப்போகவில்லை.

4. கண்ணீரைக் காண்கிற தேவன்

நம் ஊரிலிருந்து சென்னைக்குப் போகிற வழியில் சிறுகனூர் பக்கத்தில் திருப்பட்டூர் இருக்கிறது. தலையெழுத்து மாறும் என்ற நம்பிக்கையில் ஜாதகத்தோடு அங்கே அநேகர் போகிறார்கள். அவர்களைப் பரிகாசம் பண்ணாதேயுங்கள். எழுதினது மாறவேண்டும் என்ற ஏக்கம் எல்லா மனுஷருக்குள்ளும் இருக்கிறது.

எசேக்கியா ராஜாவுக்கு, நீ மரிப்பாய் என்ற செய்தியே வந்துவிட்டது. அவன் சுவர்ப்புறமாய் முகத்தைத் திருப்பி அழுதான். கர்த்தர் அவன் கண்ணீரைக் கண்டு 15 வருஷம் கூட்டிக்கொடுத்தார் (ஏசாயா 38:5). நினிவேக்கு 40 நாள் என்று தவணை சொல்லப்பட்டது. ஜனங்கள் மனந்திரும்பினார்கள், அழிவு நின்றது. விதிக்குக் காது கிடையாது, பிரியமானவர்களே. நம் தேவனுக்குக் காது உண்டு!

ஆகையால் சகோதரியே, அடி வாங்குவது தேவ சித்தம் அல்ல. ஜெபம் பண்ணு, மூத்த விசுவாசிகளிடம் சொல். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்க 2005-ல் சட்டமே வந்திருக்கிறது, 181 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் உதவி கிடைக்கும். அதை நாடுவது அவிசுவாசம் அல்ல. தம்பி, நேரத்தைக் குறை சொல்லாதே, புத்தகத்தை எடு. வியாதியாயிருக்கிறவர்களே, ஜெபித்துவிட்டு டாக்டரிடமும் போங்கள். விதவையை "ராசியில்லாதவள்" என்று ஒதுக்குகிற பேச்சு நம் சபையில் ஒருவர் வாயிலும் வரக்கூடாது.

கேட்டும் கிடைக்காத காரியங்களும் உண்டு. பவுலின் முள் எடுக்கப்படவில்லை. ஆனால் கிருபை கொடுக்கப்பட்டது. "தேவ சித்தம்" என்ற வார்த்தையை ஜெபித்துப் போராடி முடித்த பிறகு, கெத்செமனேயில் இயேசு சொன்னதுபோல, முழங்காலில் நின்று சொல்லுங்கள். போராடாமல் தப்பித்துக்கொள்ள அதைச் சொல்லாதேயுங்கள்.

ஜெபம்: அன்புள்ள பரம பிதாவே, விதி என்ற பயத்திலிருந்து எங்களை விடுவியும். செய்யவேண்டியதைச் செய்ய பெலன் தாரும். உம்முடைய குமாரனின் சாயல் எங்களில் உருவாகட்டும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.