வீட்டுத் தையல்: உடம்புக்கேற்ற உடுப்பு

வீட்டுத் தையல் என்பது தனக்கும் தன் குடும்பத்தாருக்கும் வேண்டிய உடைகளை வீட்டிலேயே வெட்டித் தைத்துக்கொள்வது. இதில் கூலியோ விற்பனையோ இல்லை. தமிழ்நாட்டு வீடுகளில் பாவாடை, ஜாக்கெட், நைட்டி, சுடிதார், குழந்தைகளின் கவுன், தலையணை உறை ஆகியவையே பெரும்பாலும் தைக்கப்படுகின்றன. புதிதாகத் தைப்பது இதில் ஒரு பாதிதான். பழையதைப் பிரித்துவிடுவது, தொளதொளப்பதைப் பிடித்துத் தைப்பது, கிழிந்ததற்கு ஒட்டுப் போடுவது ஆகியவை மறுபாதி. கடைக்குக் கடை ரெடிமேட் உடை மலிவாகத் தொங்கும் காலத்தில் இந்த வேலையைக் கற்றுக்கொள்வது தேவையா என்று கேட்கப்படுகிறது. வரவு செலவை மட்டும் பார்த்தால் தேவையில்லை என்றே பல சமயம் விடை வரும். உடைக்கும் அதை உடுத்தும் உடம்புக்கும் என்ன உறவு என்று பார்க்கும்போதுதான் வீட்டுத் தையலின் அருமை தெரியும்.

தைத்த உடை தமிழகத்துக்குப் புதிதல்ல. புகார் நகரத்துக் கைவினைஞர் வரிசையில் துணி தைப்போரையும் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. ஆனால் சாதாரண மக்கள் நெடுங்காலம் உடுத்தியது தறியிலிருந்து இறங்கியபடியே சுற்றிக்கொள்ளும் வேட்டியும் சேலையும்தான். அவற்றுக்குக் கத்தரிக்கோலும் வேண்டாம், அளவும் வேண்டாம். பருத்தாலும் மெலிந்தாலும் அதே துணி பொருந்தும். தாயின் சேலையை மகள் உடுத்தலாம். ரவிக்கையும் சட்டையும் பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் பரவலான பிறகே ஒவ்வொருவர் உடைக்கும் தனி அளவு தேவைப்பட்டது. தையல் இயந்திரம் வந்ததும் அதே காலத்தில்தான்.

அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846இலும் ஐசக் சிங்கர் 1851இலும் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றனர். கையூசிக்குப் பின்பக்கம் இருக்கும் காது, இயந்திர ஊசியில் முனைப்பக்கம் இருக்கிறது. ஊசி துணிக்குள் இறங்கி மேலேறத் தொடங்கும்போது மேல்நூல் கீழே ஒரு வளையமாக விரியும். அந்த வளையத்துக்குள் பாபின் நூல், அதாவது கீழ்நூல், புகுந்து பூட்டிக்கொள்ளும். இன்றைய வீட்டு மெஷின்களும் இப்படித்தான் தைக்கின்றன. 1860களில் தையல் இயந்திரம் விற்ற வீலர் அண்ட் வில்சன் நிறுவனம் அளந்து பார்த்தபோது, ஓர் ஆண் சட்டையைக் கையால் தைக்க 14 மணி 26 நிமிடமும் இயந்திரத்தால் தைக்க 1 மணி 16 நிமிடமும் ஆயின. விற்பவரின் கணக்கு என்றாலும் வித்தியாசம் மிகப் பெரியது. மொத்தப் பணமும் ஒரேயடியாகக் கொடுக்க முடியாத குடும்பங்களுக்காக 1856இல் சிங்கர் நிறுவனம் தவணை முறையைக் கொண்டுவந்தது. 1877இல் அது இலங்கையில் கால் பதித்தது. 1930களில் கொல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் நிறுவனம் உஷா மெஷினைத் தயாரிக்கத் தொடங்கியது. பின்னர் கல்யாணச் சீரில் கட்டில், பீரோவோடு மிதி மெஷினும் சேர்ந்துகொண்டது.

இயந்திர மோகத்தைக் கடுமையாகக் கண்டித்த காந்தி இந்த ஒன்றுக்கு விலக்குக் கொடுத்தார். 1924இல் சாந்திநிகேதன் மாணவரான ஜி. ராமச்சந்திரன், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று அவரிடம் கேட்டார். அதற்கு விடை சொல்லும்போது காந்தி சிங்கர் மெஷினைத் தனியே பிரித்துச் சொன்னார். மனைவி ஒவ்வொரு தையலாகக் குத்தி அலுத்துப்போவதைக் கண்டு, அன்பினால் சிங்கர் அதை உருவாக்கியதாக அவர் கருதினார். சிங்கரின் வாழ்க்கை வரலாறு அதற்கு இடம் கொடுப்பதில்லை. அவர் முதன்மையாக வியாபாரி. ஆனால் காந்தி வைத்த அளவுகோலில் குறையில்லை. தையல் மெஷின் வேலை செய்யும் கையின் அலுப்பைக் குறைக்கிறது, அந்தக் கையை வேலையிலிருந்து விரட்டுவதில்லை. எங்கே திருப்புவது, எங்கே நிறுத்துவது என்பதைத் தைப்பவரே முடிவு செய்கிறார். கேள்வி கேட்ட ராமச்சந்திரன் பிற்காலத்தில் மனைவி டி.எஸ். சௌந்திரத்தோடு 1947இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கி, கிராமக் கைத்தொழில்களுக்கே வாழ்நாளைக் கொடுத்தார்.

தையல் என்றதும் மெஷின் ஓட்டுவதுதான் பலர் நினைவுக்கு வரும். ஆனால் கடினம் வெட்டில்தான் இருக்கிறது. தறியில் நெய்த துணியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. பாவு வாக்கில் துணி அதிகம் இழுபடாது. ஊடை வாக்கில் கொஞ்சம் கொடுக்கும். மூலைவிட்டமாக இழுத்தால் நன்றாக நீளும். அதனால்தான் சட்டையின் முன்பாகமும் பின்பாகமும் பாவுக்கு நேராக வெட்டப்படுகின்றன. கழுத்து வளைவுக்கு வைக்கும் பைப்பிங் துணியை மட்டும் மூலைவிட்டமாக, கிராஸாக வெட்டுவார்கள். வளைவோடு வளைந்து சுருக்கமில்லாமல் படிவது அந்தத் துண்டுதான். துணியை மிச்சம் பிடிப்பதற்காகப் பாவைச் சற்றுச் சாய்த்து வெட்டிவிட்டால், இரண்டு சலவைக்குப் பிறகு சட்டை ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு ஒழுங்காகத் தைத்தாலும் அதைத் திருத்த முடியாது. பருத்தித் துணியை வெட்டுமுன் நனைத்துக் காயவைத்துத் தேய்த்துக்கொள்வதும் இதே போலத் தவிர்க்க முடியாதது. மேல்துணியும் லைனிங்கும் வெவ்வேறு அளவில் சுருங்கினால் ஜாக்கெட் முழுதும் குமிழ் குமிழாக நிற்கும்.

வீட்டுத் தையலின் பரீட்சை ஜாக்கெட்டில்தான் நடக்கிறது. தட்டையான துணியை மேடும் பள்ளமும் உள்ள உடம்பின் மேல் படியவைக்க வேண்டும். அதற்கே டாட் பிடிக்கிறார்கள். துணியை மடித்து, அடியில் அகலமாகவும் நுனியில் ஒன்றுமில்லாமலும் கூராகத் தைத்தால் அந்த இடத்தில் துணி குவிந்து நிற்கும். நுனி எங்கே முடிகிறது என்பது முக்கியம். அரை அங்குலம் தவறினாலும் ஜாக்கெட் அழகும் கெடும், வசதியும் கெடும். அடுத்தது கைக்குழி. அதை ஆழமாக வெட்டினால் கை தாராளமாக அசையும் என்று புதிதாகத் தைப்பவர்கள் நினைக்கிறார்கள், நடப்பது நேர்மாறு. குழி கீழே இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது ஜாக்கெட் மொத்தமும் கூடவே மேலேறும். அக்குளை ஒட்டி, ஆனால் இறுக்காமல் வெட்டிய கைக்குழிதான் கொடியில் துணி காயப்போடவும் பேருந்துக் கம்பியைப் பிடிக்கவும் இடம் கொடுக்கும்.

டெய்லரிடம் பெரும்பாலும் அளவு ஜாக்கெட் ஒன்றைத்தான் கொடுத்துவிட்டு வருகிறோம். அந்தப் பழைய ஜாக்கெட்டில் இருக்கும் குறையெல்லாம் புதியதற்கும் வந்துசேரும். டெய்லரைக் குறை சொல்வதில் பயனில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் ஒவ்வொருவரையும் நிற்கவைத்து மூன்று முறை போட்டுப் பார்க்கச் சொல்ல அவருக்கு நேரம் கிடையாது. வீட்டில் அந்த நேரம் இருக்கிறது. வெட்டிய துணியைப் பெரிய தையலாக இழையோட்டி, போட்டுப் பார்த்து, பிரித்து, மறுபடி இழையோட்டலாம். ஒரு தோள் சற்று இறங்கியிருப்பது, முதுகு சற்றுக் கூனியிருப்பது, ஒரு கை மற்றதைவிடத் தடித்திருப்பது எல்லாம் அப்போதுதான் தெரியவரும். அச்சுப்போலச் சமமான உடம்பு எவருக்கும் இல்லை என்பதைத் தைப்பவர்கள் சீக்கிரம் அறிந்துகொள்கிறார்கள். தங்கள் உடம்பைக் கண்ணாடியில் கடுமையாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த அறிவு பெரிய ஆறுதல்.

ரெடிமேட் உடையில் உடம்புகள் எஸ், எம், எல் என்று சில அடுக்குகளுக்குள் அடைக்கப்படுகின்றன. பொருந்தாதபோது குறை தன் உடம்பில்தான் என்று வாங்குபவர் எண்ணிக்கொள்கிறார். வீட்டில் தைக்கும் ஒருவர் இருந்தால் அந்த எண்ணத்துக்கே இடமில்லை. பக்கவாதத்துக்குப் பின் ஒரு கையைத் தூக்க முடியாத பாட்டிக்கு, முன்பக்கம் முழுவதும் திறக்கும் ஜாக்கெட்டை அகலமான கையோடு தைத்து, கொக்கிக்குப் பதில் வெல்க்ரோ வைக்கலாம். அப்போது பிறர் உதவியில்லாமல் அவர் தாமே உடுத்திக்கொள்வார். பால் கொடுக்கும் தாய்க்கு இரு பக்கமும் மறைவாகத் திறக்கும் நைட்டி, மார்பக அறுவை சிகிச்சைக்குப் பின் ஒரு பக்கம் மட்டும் உள்ளே துணிப்பை வைத்த ஜாக்கெட், சக்கர நாற்காலியில் நாள் முழுதும் இருப்பவருக்குப் பின்னிடுப்பு உயர்ந்த பைஜாமா ஆகியவற்றைத் தைக்க விசேஷமான கலையறிவு வேண்டாம். அந்த ஒரு மனிதரைக் கூர்ந்து பார்த்தால் போதும். பெண்களின் உடைக்குப் பாக்கெட் வைப்பதும் இதில் சேரும். பக்கத் தையலில் ஒரு சாண் அளவு பிரித்து, உள்ளே ஒரு துணிப்பையைச் சேர்த்துத் தைத்தால் சுடிதாருக்குப் பாக்கெட் வந்துவிடும்.

உடையின் ஆயுளும் தைக்கும் முறையைப் பொறுத்தது. தொழிற்சாலையில் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் ஒரு கத்தி இருக்கிறது. தைத்துக்கொண்டே மிகுதித் துணியை அது வெட்டித் தள்ளிவிடும். உள்ளே மிஞ்சுவது சிறு ஓரம். உடம்பு கொஞ்சம் பருத்தால் அந்தச் சட்டையைப் பிரித்துவிட வழியில்லை. வீட்டில் தைப்பவர் பக்கவாட்டில் ஓர் அங்குலமாவது உள்ளே விட்டுத் தைக்கிறார். வளரும் சிறுமியின் பட்டுப்பாவாடையில் கீழ் ஓரத்துக்குச் சற்று மேலே துணியை மடித்து இரண்டு மூன்று டக் பிடித்திருப்பார்கள். ஆண்டுக்கு ஒன்றாகப் பிரித்துவிட, பாவாடை அவளோடு சேர்ந்து வளரும். மெலிவதும் பருப்பதும் வளர்வதும் முன்கூட்டியே எதிர்பார்க்கப்பட்ட உடை அது. வீட்டுத் தையலின் உயர்ந்த குணம் எது என்று கேட்டால் இதையே சொல்ல வேண்டும்.

பணம் மிச்சமாகுமா என்பதற்கு நேர்மையான விடை பொருளுக்குப் பொருள் மாறும். பனியன், டி-ஷர்ட், ஜீன்ஸ் ஆகியவற்றை வீட்டில் தைப்பதில் பொருளில்லை. பின்னலாடைத் துணிக்கு உருண்ட முனை ஊசியும் ஓவர்லாக்கும் வேண்டும். ஜீன்ஸின் தடித்த மடிப்புகளைப் பல வீட்டு மெஷின்கள் தாங்காது. பல அடுக்குத் துணியை ஒரே வெட்டில் வெட்டி, ஆளுக்கு ஒரு பகுதியாகத் தைக்கும் தொழிற்சாலையின் விலையோடு வீடு போட்டி போட முடியாது. உள்பாவாடை, ஜாக்கெட், நைட்டி, பள்ளிச் சீருடையைச் சரிசெய்வது, சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது ஆகியவற்றில் தையல் கூலி மிச்சம்.

இந்த வேலையின் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. வீட்டுத் தையலைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். சமையலும் பிள்ளைகளும் முடிந்த பிறகு, இரவு விளக்கில், கண் நோகச் செய்தார்கள். கூலியும் இல்லை, அதற்கு வேலை என்ற பெயரும் இல்லை. மெஷின் வந்ததும் நேரம் மிஞ்சியது என்று சொல்லிவிட முடியாது. தைக்க வேண்டிய உடைகளும் பெருகின. ஆகவே தையலைப் பெண்ணுக்குரிய குணமாகப் போற்றுவது அநியாயம். கடைவீதியில் கூலிக்குத் தைக்கும் ஆண்கள் நிறையப் பேர். அவர்கள் கையால் முடிவது வீட்டு ஆண்களின் கையாலும் முடியும். பையனுக்கும் பட்டன் வைக்க, ஹெம்மிங் செய்ய, மெஷின் ஓட்டச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் தைத்துக்கொடுப்பவருக்கு, உறவென்றாலும், உரிய கூலியைக் கொடுத்துவிட வேண்டும். பல பெண்களுக்கு அந்த மெஷின்தான் சம்பாத்தியம். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் தமிழக அரசு நடத்தும் திட்டத்தில் கணவரை இழந்தவர்களுக்கும், கைவிடப்பட்டவர்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் இலவசமாக மெஷின் கொடுப்பது அதனால்தான். அரசுப் பள்ளிகளின் இலவசச் சீருடைகளையும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்களே தைக்கிறார்கள்.

ஒரு சட்டையை முழுதாகத் தைத்து முடித்தவர் அதன்பின் கடைச் சட்டையைப் பார்க்கும் பார்வை மாறிவிடுகிறது. காலரின் இரு முனையும் ஒரே கூராக நிற்க என்ன பாடு, கையைக் கைக்குழியில் சுருக்கமில்லாமல் ஏற்ற எத்தனை முறை பிரிக்க வேண்டும், பட்டன் துளைக்குக் காஜா எடுக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தொழிற்சாலையிலும் துணியை ஊசிக்கடியில் நகர்த்திக்கொடுப்பது பெரும்பாலும் ஒரு மனிதக் கைதான் என்றும் தெரியும். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்தபோது 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் அங்கிருந்த தையல் ஆலைகளின் தொழிலாளர்கள். மிக மலிவான உடையைக் கையில் எடுக்கும்போது, இந்த விலையில் தைத்தவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்ற கேள்வி தைக்கத் தெரிந்தவர் மனத்தில் தானாக எழும். அப்படிக் கேட்பவர் குறைவாக வாங்குகிறார், வாங்கியதை நெடுநாள் உடுத்துகிறார்.

கற்கத் தொடங்குபவர் ஜாக்கெட்டில் கைவைக்க வேண்டாம். நேர்த்தையல் மட்டுமே உள்ள தலையணை உறை, பிறகு நாடா கோத்த உள்பாவாடை, பிறகு கழுத்து வளைவுக்காக ஒரு குழந்தைச் சட்டை என்று போனால் கை பழகும். துணி பாப்ளினாக இருக்கட்டும். வழுக்கும் துணிகள் பிறகு வரட்டும். மெல்லிய துணிக்கு 11, நடுத்தரத்துக்கு 14, தடிப்புக்கு 16 என்ற எண்ணுள்ள ஊசி போதும். அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் பெரும்பாலும் மேல்நூலின் டென்ஷன் தளர்ந்திருக்கும். தையல் விட்டுவிட்டு விழுந்தால் முதலில் ஊசியை மாற்றிப் பார்க்க வேண்டும். புது மெஷின் வாங்கும் அவசரமும் வேண்டாம். வீட்டு மூலையில் போர்வை போட்டு மூடிக் கிடக்கும் பழைய மிதி மெஷினுக்கு, பஞ்சும் தூசியும் தட்டி, எண்ணெய் விட்டு, ஒரு புது பெல்ட் மாட்டினால் பெரும்பாலும் அது ஓடும்.