பொருளின் ஆயுளை முடிப்பவர் யார்?

ஒரு பொருள் காலாவதியாகிவிட்டது என்று தீர்ப்பளிக்கும் உரிமை யாருக்கு உண்டு? அதைச் செய்து விற்றவருக்கா, விலை கொடுத்து வாங்கி அதைக்கொண்டு வேலை செய்பவருக்கா?

2015ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் ஓராண்டுத் தவணையாக அளிக்கப்பட்டன. அடுத்ததான விண்டோஸ் 11க்கு மாறலாமென்றால், 'டிபிஎம் 2.0' என்னும் பாதுகாப்பு அமைப்பும், நிறுவனம் ஏற்ற பட்டியலிலுள்ள செயலியும் வேண்டும். நம் மேசைக் கணினியோ 2016இல் வாங்கியது. பாடங்களையும் கடிதங்களையும் இன்றும் குறைவின்றி எழுதித் தருகிறது. ஆயினும் அதன் செயலி அப்பட்டியலில் இல்லை.

"ஹஜ்ரத், இதைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்கிவிடுங்கள்" என்றார் பழுது பார்ப்பவர். நாம் உடனே விடை கூறவில்லை.

அரபியில் 'இஸ்ராஃப்' என்றொரு சொல் உண்டு. அளவு கடத்தல் என்பது அதன் பொருள். நன்றாக உழைக்கும் பொருளை, நாள் முடிந்தது என்று பிறர் சொன்னதற்காக எறிவது அளவு கடத்தலன்றி வேறென்ன? 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது கால் பங்குக்கும் குறைவே.

அப்படியானால் பழையதை அப்படியே வைத்துக்கொள்வது சிக்கனமாகுமா? ஆகாது. 'புக்ல்' என்ற மற்றொரு சொல், கொடுக்க வேண்டியதைக் கொடாத கருமித்தனத்தைக் குறிக்கும். திருத்தம் பெறாத கணினி திறந்து கிடக்கும் வீட்டைப் போன்றது. அதனுள் நம் கடிதங்கள் மட்டுமா இருக்கின்றன? மாணவர்களின் பெயர்களும் முகவரிகளும் அமானிதமாக இருக்கின்றன. நம் செலவை மிச்சப்படுத்தப் பிறருடைய பொருளைப் பணயம் வைக்க நமக்கு உரிமையில்லை. உரிமமற்ற படியை ஏற்றிக்கொள்வதும் வழியன்று. பிறர் உழைப்பைக் கேளாமல் எடுப்பது எப்பெயரிட்டாலும் எடுப்பதுதான்.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பாதை இருக்கிறது. மென்பொருளை எவரும் பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பகிரவும் உரிமை வேண்டும் என்று 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'குனூ' திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். அவ்வழியில் வந்த லினக்ஸ் மிண்ட் போன்றவை பழைய கணினிகளிலும் இயங்குகின்றன, விலையும் இல்லை. வலமிருந்து எழுதும் அரபியையும் இடமிருந்து எழுதும் தமிழையும் ஒரே ஏட்டில் ஏற்கின்றன.

ஆனால் விலையில்லாதது உழைப்பில்லாதது அன்று. பழகிய கை புதிதாகப் பழக வேண்டும். விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்கு மென்பொருளை நம்பிக் கடை நடத்துபவர் புதிய கணினி வாங்கினால் அதை விரயமென்று பழிக்கலாகாது. அவருடைய தேவை அது.

நாம் ஏடுகளையெல்லாம் வேறொரு வட்டில் படியெடுத்து வைத்துக்கொண்டோம். பென்டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கிச் சில நாள் பார்த்தோம். அச்சுப்பொறியும் இணங்கிய பின்னரே நிலையாக ஏற்றினோம். முதல் வாரம் தடுமாற்றம்தான். இப்போது இக்கட்டுரையை அதே பழைய கணினியில்தான் எழுதுகிறோம்.

ஆகவே அன்பர்களே, முதலில் தேவையைக் கேளுங்கள். அடுத்து அமானிதத்தைக் கேளுங்கள். புதுமையைக் கடைசியில் கேளுங்கள். இந்த வரிசை மாறாதவரை, எந்தப் பாதையில் சென்றாலும் அது உங்கள் முடிவாகவே இருக்கும்.