யாருக்கு இந்தப் பாடம்?

கெடாவிலும் மற்ற மாநிலங்களிலும் பள்ளி வளாகங்களில் மூன்று நிறத் தொட்டிகள் நிற்கின்றன. நீலம் தாளுக்கு, பழுப்பு கண்ணாடிக்கு, செம்மஞ்சள் நெகிழிக்கும் டின்னுக்கும். எதை எதில் போட வேண்டும் என்று முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரியும். நல்ல பழக்கம்தான். ஆனால் 2018, 2019ஆம் ஆண்டுகளில் கெடாவின் சுங்கைப்பட்டாணித் தாமான்களில் இரவானால் ஜன்னலைச் சாத்த வேண்டியிருந்தது. நெகிழி எரியும் நெடி வீட்டுக்குள் வந்தது. எரிந்ததில் பெரும்பகுதி அந்த ஊர் போட்ட குப்பை அல்ல, கடல் கடந்து வந்த குப்பை. கேடு செய்யாதவரிடம் போய்ச் சுற்றுச்சூழல் பொறுப்பைப் போதிப்பது அறமா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

2018 தொடக்கத்தில் சீனா வெளிநாட்டு நெகிழிக் கழிவுக்குக் கதவை அடைத்தது. பணக்கார நாடுகளின் கொள்கலன்கள் மலேசியாவின் பக்கம் திரும்பின. சிலாங்கூரின் ஜெஞ்சாரோமில் உரிமமற்ற மறுசுழற்சி ஆலைகள் முளைத்தன. வடக்கே சுங்கைப்பட்டாணியும் தப்பவில்லை. இத்தகைய ஆலைக்கு வரும் மூட்டையில் தண்ணீர் புட்டிக்கு விலை உண்டு. உருக்கி மணிகளாக்கி விற்றுவிடலாம். நெகிழியும் அலுமினியத் தாளும் ஒட்டிய தின்பண்ட உறையைப் பிரிக்க முடியாது, வாங்கவும் ஆள் இல்லை. முறையாக அகற்றினால் செலவு. இரவில் கொளுத்திவிட்டால் செலவில்லை. அந்தச் செலவு மறைந்துவிடுவதில்லை. பக்கத்துத் தாமானில் தூங்கும் பிள்ளையின் நெஞ்சுக்கு மாறுகிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

பொறுப்பைப் பலவீனமானவர் தலையில் ஏற்றும் வழக்கம் தோட்டப்புறத்துக்குப் புதிதல்ல. செம்பனைத் தோட்டங்களில் களைக்கொல்லி அடித்தவர்களில் தமிழ்ப் பெண்கள் மிகுதி. முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்து பாராகுவாட் தெளித்தார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்ட பாதுகாப்புப் பாடம், கையுறை போடு, முகமூடி கட்டு, காற்றுக்கு எதிரே அடிக்காதே என்பதே. கொளுத்தும் வெயிலில் முகமூடி கட்டினால் மூச்சு முட்டும். கழற்றினால் நஞ்சு ஏறும். நோய் வந்தால் பாடத்தைக் கேட்காதவள் என்று பழி அவள் மேல் விழும். நஞ்சு மட்டும் சட்டப்படி விற்பனையில் இருந்தது. 2002இல் அரசு தடையை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது. முழுத் தடை 2020 ஜனவரியில்தான் வந்தது. நஞ்சை நிறுத்தும் அதிகாரம் உள்ளவர்கள் காத்திருந்த அத்தனை காலமும் பாடம் தெளிப்பவளுக்கு மட்டுமே நடந்தது. அது கல்வி என்ற பெயரில் நடந்த அநீதி.

அப்படியானால் மக்களுக்குக் கற்பிப்பதையே விட்டுவிடலாமா? கூடாது. சுங்கைப்பட்டாணியில் ஆலைகள் மீது நடவடிக்கை வந்ததில் குடியிருப்பாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்கள் சேர்ந்து இயங்கினார்கள், படம் எடுத்தார்கள், புகார் கொடுத்தார்கள், செய்தியாளர்களை அழைத்து வந்தார்கள். இப்படி நாட்டின் பல மூலைகளிலிருந்து எழுந்த குரல்களின் பின்னணியில்தான் அரசு 3,737 டன் கழிவை 150 கொள்கலன்களில் 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பியதை 2020 ஜனவரியில் அறிவித்தது. பேராக் மாநிலத்துப் புக்கிட் மேராவிலும் இதுவே நடந்தது. கதிரியக்கக் கழிவை உண்டாக்கிய அரிய மண் ஆலைக்கு எதிராக 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் மக்கள் வென்றார்கள். 1993இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. பினாங்கில் எஸ்.எம். முகமட் இட்ரிஸ் பயனீட்டாளர் சங்கத்தின் வழியாகவும் சஹாபாட் ஆலாம் மலேசியா என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் வழியாகவும் பல்லாண்டுக் காலம் செய்தது இந்த வேலையைத்தான்: மீனவரும் தோட்டத் தொழிலாளியும் தமக்கு நேர்வது என்ன என்று அறிந்து, தாமே எழுந்து பேசத் துணை நிற்பது.

ஆக, கற்பிப்பதில் குற்றமில்லை. எதைக் கற்பிக்கிறோம் என்பதில்தான் அறம் இருக்கிறது. பணிவை மட்டும் கற்பித்தால் அது தவறு செய்பவனுக்குத் துணை போகும். கேள்வி கேட்கக் கற்பித்தால் அது எளியவனுக்குக் கவசம்.

இன்னொரு பக்கமும் உண்டு. தாமான் வீடுகளின் பின்புறத்தில் காய்ந்த இலையோடு நெகிழிப் பையையும் குழந்தையின் பம்பர்சையும் சேர்த்துக் கொளுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புகையும் பக்கத்து வீட்டு ஆஸ்துமா நோயாளியைத்தான் வருத்துகிறது. கால்வாயில் எறிந்த பை பட்டாணி ஆற்றில் சேர்ந்து மெர்போக் கழிமுகத்தின் கண்டல் வேரில் சிக்குகிறது. ஆலை எரிக்கிறதே, நாம் எரித்தால் என்ன என்பது நியாயமாகாது. அயலாருக்குச் செய்ய வேண்டியதை முதலாளியின் குற்றம் தள்ளுபடி செய்துவிடாது. அதே நேரம், நீ உன் குப்பையைச் சரியாகப் பிரித்தாயா, பிறகு ஆலையைக் கேள் என்று சொல்வதும் நியாயமல்ல. சுத்தமான காற்று நன்னடத்தைக்குக் கிடைக்கும் பரிசு அல்ல. மூச்சு விடுகிற எல்லாருக்கும் உள்ள உரிமை. நம் கடமை, ஆலையின் கடமை ஆகிய இரண்டில் ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

ஆலைகளை நெருக்கினால் வேலை போகும் என்பதும் எளிதில் தள்ளக்கூடிய வாதம் அல்ல. தோட்டம் விற்கப்பட்டு லயம் இடிந்தபோது பிழைப்புக்குத் தொழிற்பேட்டையை நம்பி வந்த குடும்பங்கள் கூலிமிலும் பாடாங் செராயிலும் நிறைய. அவர்களைப் பட்டினி போட்டுக் காற்றைச் சுத்தம் செய்வது நீதியல்ல. ஆனால் கூலியையும் நோயையும் ஒரே கையால் கொடுப்பதும் நீதியல்ல. பொறுப்பு, ஆதாயத்தையும் அதிகாரத்தையும் பின்தொடர வேண்டும். கழிவை ஏற்றி அனுப்பிய நிறுவனத்துக்கு முதல் பங்கு. இலாபம் கண்ட ஆலை முதலாளிக்கும் உரிமம் தரும், கண்காணிக்கும் அலுவலகங்களுக்கும் அடுத்த பங்கு. இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளிக்கு ஆகச் சிறிய பங்கு.

தமிழ்ப்பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றம் தொட்டியின் நிறத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் எதைத் தடுக்கிறது, நெடி வந்தால் தேதி, நேரம், காற்றின் திசை ஆகியவற்றை எப்படிக் குறித்து வைப்பது, சுற்றுச்சூழல் துறைக்கும் நகராண்மைக் கழகத்துக்கும் எப்படிப் புகார் எழுதுவது, பதில் வராவிட்டால் அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்பவையும் பாடமாக வேண்டும். அதே பாடம் ஆலை மேலாளருக்கும் உரிமம் தரும் அதிகாரிக்கும் நடக்க வேண்டும், தேர்வும் அவர்களுக்கே கடினமாக இருக்க வேண்டும். மண்ணைக் காக்கும் கடமையைப் பிள்ளைகளிடம் கேட்கும் சமுதாயம், அந்த மண்ணைப் பற்றிக் கேள்வி கேட்கும் அதிகாரத்தையும் அவர்களுக்குக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது.