முத்திரையும் பற்றும்

நற்செயல் ஒன்றைச் செய்து முடித்தவன் அதற்குச் சான்று ஒன்று தன் கையில் இருக்க வேண்டுமென்று விரும்புதல் மனித இயல்பு. காசிக்குச் சென்றவர் கங்கை நீரைச் செம்பில் அடைத்துக் கொணர்வதும், கோயிலுக்கு விளக்கு அளித்தவர் அதன் மீது தம் பெயரைப் பொறித்து வைப்பதும் இவ்விருப்பத்தின் வடிவங்களே. இவ்விருப்பம் தம்மத்திற்கு உடன்பட்டதா, மாறுபட்டதா? இவ்வினாவை ஆராய்வதற்கு ஜப்பான் தேசத்தில் வழங்கும் வழக்கம் ஒன்று நமக்குப் பெரிதும் துணை செய்கின்றது. பெங்களூரிலிருந்து தொழிலின் பொருட்டும் கல்வியின் பொருட்டும் அந்நாட்டிற்குச் சென்று வருவோர் இந்நாளில் பலராதலின், இது நமக்கு அயலான செய்தியும் அன்று.

ஜப்பானிய பௌத்த ஆலயங்களிலும், ஷிந்தோ சமயத்தாரின் ஆலயங்களிலும், வழிபட வந்தோர்க்குச் செந்நிற முத்திரை இட்டுக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அதனை 'கோஷுயின்' என்பர். விசிறிபோல் மடித்த தாள்களையுடைய சிறு புத்தகம் ஒன்றை யாத்திரிகர் உடன் கொண்டு செல்வர். ஆலயத்தார் அதில் கருமை தோய்த்த தூரிகையால் தேதியையும், ஆலயத்தின் பெயரையும், அங்கு எழுந்தருளியுள்ள புத்தர் அல்லது போதிசத்துவரின் பெயரையும் எழுதி, அவற்றின் மேல் செம்முத்திரைகளைப் பதிப்பர். காணிக்கை சில நூறு யென். பௌத்த ஆலயங்கள் பலவற்றில் நடுவே பதிக்கப்படும் முத்திரை புத்தம், தம்மம், சங்கம் என்னும் மும்மணிகளின் பெயரைத் தாங்கியிருக்கும். வேறு சிலவற்றில், நம் நாட்டில் வழக்கொழிந்து ஜப்பானில் இன்றும் வாழும் 'சித்தம்' என்னும் பழைய இந்திய எழுத்து ஒன்று அம்முத்திரையில் விளங்கும்.

இவ்வழக்கம் எங்ஙனம் தோன்றியது? முற்காலத்தில் யாத்திரிகர் ஆலயத்திற்கு வெறுங்கையுடன் சென்றிலர். சூத்திரம் ஒன்றைத் தம் கையால் எழுத்தெழுத்தாகப் பிரதி செய்து, அதனை ஆலயத்தில் ஒப்படைத்தனர். 'நோக்யோ' என்னும் சொல்லுக்குச் சூத்திரத்தைச் செலுத்துதல் என்பதே பொருள். அக்காலத்து ஜப்பான் 66 மாநிலங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு மாநிலத்திலும் தாமரைச் சூத்திரத்தின் பிரதி ஒன்றைச் செலுத்துவதாக விரதம் பூண்டு, நாடு முழுவதும் நடந்து திரிந்த யாத்திரிகர் இருந்தனர். செலுத்திய பிரதியைப் பெற்றுக்கொண்டமைக்கு அடையாளமாக ஆலயத்தார் கொடுத்த பற்றுச்சீட்டே முத்திரை. இன்றும் பௌத்த ஆலயங்கள் பலவற்றில் முத்திரை இடும் இடத்திற்குச் சூத்திரம் செலுத்தும் இடம் என்ற பெயரே நிலைத்துள்ளது.

காலப்போக்கில் கொடுத்தல் குறைந்தது, பெறுதல் நிலைத்தது. இந்நாளில் சூத்திரத்தை எழுதிச் செலுத்துவோர் சிலர்; ஆலயத்தின் முன் நின்று ஓதுவோர் பலர்; இரண்டும் செய்யாது காணிக்கையை நீட்டி முத்திரை மட்டும் பெறுவோரும் உளர். 2019-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி அந்நாட்டில் புதிய பேரரசர் பட்டமேற்று 'ரெய்வா' என்னும் புதிய ஆண்டுக்கணக்கு தொடங்கிற்று. அந்நாளின் தேதியிட்ட முத்திரையைப் பெறவேண்டித் தோக்கியோவின் மெய்ஜி ஆலயத்தில் மக்கள் பல மணி நேரம் வரிசையில் காத்துக் கிடந்தனர். அத்தகைய முத்திரைகள் பின்னர் இணையத்தில் ஏலப் பொருளாகி, காணிக்கையினும் பன்மடங்கு விலைக்கு விற்கப்பட்டன. கொடாத பொருளுக்குப் பெற்ற சீட்டு, பெற்றவன் கையிலும் தங்காது சந்தைக்குச் சென்றது.

நம் தமிழில் ரசீதைப் பற்றுச்சீட்டு என்கிறோம். வணிகன் கணக்கில் வரவும் பற்றும் உண்டு. பகவன் புத்தர் துக்கத்தின் காரணமாகக் காட்டிய வேட்கையின் வழியே வந்து நம்மைப் பிணிப்பதும் பற்றே. ஒரு சொல்லே இரண்டையும் சுட்டுதல் நமக்கு ஒரு நல்ல நினைவூட்டல். கொடுத்தவன் கையில் உள்ள சீட்டு ஈகைக்கு அடையாளம். கொடாதவன் கையில் உள்ள சீட்டு பற்றுக்கு அடையாளம். தாள் ஒன்றே, மையும் ஒன்றே. வேறுபாடு அதனை ஏந்திய மனத்தில் உள்ளது.

அங்ஙனமாயின் முத்திரைப் புத்தகத்தை முற்றிலும் எள்ளி ஒதுக்கிவிடலாமோ? அது நீதியாகாது. ஷிக்கோக்கு தீவில், கூக்காய் என்னும் ஆசாரியரின் (774–835) நினைவைப் போற்றி, 88 ஆலயங்களைச் சுற்றிவரும் யாத்திரை ஒன்று உண்டு. அதன் வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். நடந்து செல்வோர்க்கு ஆறு வாரத்திற்கு மேலும் ஆகும். வெண்ணிற மேலாடை அணிந்து, மழையிலும் மலையிலும் நடந்து, ஒவ்வோர் ஆலயத்திலும் இருதயச் சூத்திரத்தை ஓதியபின் முத்திரை பெறுகின்றவர், அப்புத்தகத்தை இறக்கும்போது தம் உடலுடன் வைக்குமாறு குடும்பத்தாரைக் கேட்டுக்கொள்வது உண்டு. அவருக்கு அது மேலுலகத்திற்கு வாங்கிய அனுமதிச் சீட்டாகவும் இருக்கலாம். தாம் நடந்த நடையின் நினைவாகவும் இருக்கலாம். நாம் அவர் உள்ளத்தைப் புறத்தே நின்று அளக்க வல்லேம் அல்லேம்.

அதே யாத்திரையைப் பேருந்தில் செய்வோரும் பலர். அப்போது உடன்வரும் வழிகாட்டி, பயணிகள் அனைவரின் புத்தகங்களையும் ஒரு மூட்டையாகச் சுமந்து முத்திரை இடும் இடத்திற்கு விரைந்து செல்வார். உடைமையாளரின் முகத்தைக் காணாமலே புத்தகத்தில் முத்திரை ஏறிவிடும். இதனைக் கேட்டவுடன் நகைக்கத் தோன்றும். ஆயினும் அவ்வேளையில் அம்முதியவர்கள் அவசரமின்றி நின்று சூத்திரம் ஓதுகின்றனர் என்பதையும் எண்ணுதல் வேண்டும். முத்திரைக்காக ஓதுதலை விட்டவரினும், ஓதுதலின் பொருட்டு முத்திரையைப் பிறர் கையில் விட்டவர் மேலானவர் அன்றோ?

ஆகவே நமக்கு வேண்டுவது எள்ளலும் அன்று, வியப்பும் அன்று, ஓர் உரைகல். அதனை நாம் நாள்தோறும் ஏற்கும் பஞ்சசீலத்திலேயே காணலாம். கோஷுயினின் வலப்புறத்தில் பெரும்பாலும் 'பணிந்து வழிபட்டது' என்னும் கருத்துடைய இரண்டு எழுத்துகள் வரையப்படும். அஃது ஒரு வாக்குமூலம். ஆலயத்தார் நம்மை நம்பி நம் சார்பில் அதனை எழுதுகின்றனர். வழிபடாது வரிசையில் மட்டும் நின்றவன் அதனைப் பெற்றுக்கொள்வானாயின், அவன் பையில் இருப்பது எழுத்தில் அமைந்த பொய். பொய் பேசாமை நான்காவது சீலம். நாவினால் சொல்லாமையால் அது பொய்யன்று ஆகிவிடாது.

ஷிந்தோ ஆலயங்களைப் பற்றிய ஐயமும் இவ்வுரைகல்லால் தீரும். 1868-ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு பிரித்து வைக்கும் வரையில் அங்கே தேவர் வழிபாடும் புத்தர் வழிபாடும் ஒரே வளாகத்தில் கலந்து நிலவின. ஆதலின் ஜப்பானியர்க்கு இரண்டிடத்தும் முத்திரை பெறுதல் இயல்பு. நம் நிலைமை வேறு. 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் அளித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளை ஏற்ற குடும்பத்தார் தேவர்களை வணங்குவதில்லை என்று சொல்லியவர்கள். அவர்கள் அவ்வாலயங்களைக் காணலாம். தொன்மையான மரங்களையும் மரவேலைப்பாட்டையும் போற்றலாம். அங்கு வழிபடுவோரை மதித்து அமைதியாக நிற்கலாம். பிற சமயத்தாரைப் பழித்தலாகாது என்று அசோக மன்னன் பாறையில் எழுதி வைத்தது நமக்கும் ஆணை. ஆனால் வணங்காதவன், வணங்கியதாகச் சொல்லும் எழுத்தைக் கேட்டுப் பெறவேண்டுவதில்லை. இது வெறுப்பன்று; வாய்மை.

ஜப்பானிலேயே இவ்வழக்கத்தை ஏலாத பெரும் பிரிவு ஒன்று உண்டு. ஷின்ரான் ஆசாரியர் (1173–1263) வழிவந்த ஜோதோ ஷின்ஷு ஆலயங்கள் பொதுவாக கோஷுயின் அளிப்பதில்லை. அமிதாப புத்தரின் கருணையை நம்புகின்றவனுக்குத் தான் ஈட்டிய புண்ணியத்தின் கணக்கு எதற்கு என்பது அவர்கள் கொள்கை. அவர்கள் நெறி நம் நெறியினின்றும் பலவாற்றான் வேறுபட்டது. எனினும் கணக்கு வைத்தலில் உள்ள செருக்கை அவர்கள் கண்டுகொண்டனர் என்பது தெளிவு.

இனி நம்மிடத்துக்கு வருவோம். பதிவின் மதிப்பை நம்மினும் அறிந்தவர் யாவர்? தீண்டாமை என்னும் முத்திரையைப் பிறர் நம் முன்னோர் மீது குத்தினர். அதனை அழித்து 'பௌத்தர்' என்று ஏட்டில் எழுதுவித்தல் நம் வரலாற்றில் ஒரு போராட்டமாகவே இருந்தது. பட்டியல் வகுப்பார்க்குரிய உரிமைகள் பௌத்தம் தழுவியோர்க்கும் உண்டென்று சட்டம் ஏற்றது 1990-ஆம் ஆண்டில்தான். ஆகையால் 'தாளில் என்ன இருக்கிறது?' என்று நாம் இலேசாகச் சொல்லிவிட முடியாது. சான்றிதழ் வேண்டும், பதிவேட்டில் சரியான சொல் வேண்டும். ஆனால் அப்பதிவு அரசுக்கு நாம் யாரென்று சொல்லும். நமக்கு நாம் யாரென்று சொல்லாது. அதனைச் சொல்வது சீலம் ஒன்றே.

மதம் மாறியவர்க்கு வரும் இடர் ஒன்று உண்டு. பழைய வீட்டை விட்டு வந்தவர் பழைய பாத்திரங்களைப் புதிய வீட்டிலும் பரப்பி வைத்துவிடுவர். தீர்த்தமாடிப் பாவம் போக்கும் எண்ணத்தை விட்டு வந்த நாம், புத்தகாயா சென்றால் புண்ணியம், சாரநாத் சென்றால் அதனினும் புண்ணியம் என்று எண்ணத் தொடங்கினால் மாறியது யாது? தேரிகாதையில் வரும் புண்ணிகை தண்ணீர் சுமந்த அடிமைப் பெண். பனிக்காலத்தில் ஆற்றில் நடுங்கிக்கொண்டே மூழ்கிய பிராமணனை நோக்கி, நீரே தூய்மை தருமாயின் மீனும் ஆமையும் அன்றோ முதலில் சுவர்க்கம் புகும் என்னும் கருத்துப்பட அவள் கேட்டாள். அவள் இன்று வந்து நம் கைப்பேசியில் நிறைந்துள்ள யாத்திரைப் படங்களைக் கண்டால் அதே வினாவை நம்மிடமும் கேட்பாள். நம் விகாரைகளில் செம்முத்திரை வழக்கம் இல்லை. ஆயினும் வைசாகப் பௌர்ணமியன்று படம் எடுத்துப் பலர்க்கும் அனுப்பிவிட்டுப் பஞ்சசீலம் ஓதுமுன்பே புறப்படுவோமாயின், அப்படமே நமக்குக் கொடாமற் பெற்ற பற்றுச்சீட்டு.

செலுத்துதல் என்றால் என்ன என்பதற்குத் தொலைவில் எடுத்துக்காட்டுத் தேடவேண்டுவதில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1898-ஆம் ஆண்டு சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அவ்வியக்கம் பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் வேரூன்றியது. நிலத்தின் அடியாழத்தில் உழைத்த சுரங்கத் தொழிலாளர் அதனைத் தாங்கினர். பண்டிதர் மறைந்த பின்னரும் தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை அவருடைய நூல்களை அச்சிட்டு வழங்கியது. தம்மத்தின் சொல்லைப் பிரதி செய்து உலகிற்குச் செலுத்துதல் இதுவன்றோ? அத்தொழிலாளருள் பெரும்பாலோர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. சுரங்கங்களும் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டன. அவர்கள் செலுத்தியது மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆதலின் நம் அன்பர்களுக்கு நாம் சொல்வது இதுவே. ஜப்பான் செல்வோர் முத்திரை பெறுவதாயின், முதலில் செலுத்துக, பின்னர்ப் பெறுக. புறப்படுமுன் திரிசரணத்தையும் பஞ்சசீலத்தையும் தம் கையால் தமிழில் எழுதிக்கொண்டு, ஆலயத்தின் முன் நின்று அவற்றை ஓதிய பின்பே புத்தகத்தை நீட்டுக. ஊரில் இருப்போர்க்கும் இது பொருந்தும். பெங்களூரில் வளரும் நம் பிள்ளைகளுள் கன்னடமும் ஆங்கிலமும் படித்து, தமிழ் எழுத்தை அறியாதவர் பலர். தாத்தா போற்றிய நூலைப் பேரன் படிக்க இயலாத நிலை நம் இல்லங்களில் வளர்ந்து வருகிறது. 1956-ஆம் ஆண்டு ஆசாரிய புத்தரக்கித தேரர் காந்திநகரில் நிறுவிய மகாபோதி சங்கத்திற்கோ, வேறு விகாரைக்கோ பௌர்ணமியன்று செல்லுமுன், குழந்தையை அருகில் அமர்த்தி ஒரு பக்கம் எழுதச் செய்வோமாக. எழுத்து கோணலாயினும் குறையில்லை. அதற்கு முத்திரை எவரும் இடமாட்டார். ஆனால் அது செலுத்தப்பட்ட சூத்திரம்.

வடநாட்டுப் பௌத்த மரபு மூன்று தம்ம முத்திரைகளைக் கூறுகின்றது: தோற்றமுடையன யாவும் நிலையாதன, எப்பொருளிலும் 'நான்' என்பதில்லை, நிப்பானமே அமைதி. ஓர் உபதேசம் புத்தருடையதா அன்றா என்பதை இம்முத்திரைகளைக் கொண்டே சோதித்தறிவர். செம்மை மங்கும், தாள் பழுக்கும், புத்தகத்தை ஏந்திய கையும் ஒருநாள் ஓயும். அதனை அறிந்து ஏந்துகின்றவனுக்கு அச்சிறு புத்தகமே அநித்தத்தைக் கற்பிக்கும் ஆசான். அறியாது சேர்க்கின்றவனுக்கு அது பக்கந்தோறும் வளரும் பற்று. நாம் எதனைப் பெற்றோம் என்று எண்ணுமுன், எதனைச் செலுத்தினோம் என்று ஒவ்வொரு பௌர்ணமியிலும் நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.