தொடுமுன் ஒரு வார்த்தை

என் அலுவலக மேசையில் ஒரு கண்டாம் ரோபோ நிற்கிறது. 1/144 அளவு, 12.5 சென்டிமீட்டர் உயரம். பாகம் பாகமாக வெட்டி நானே பொருத்தியது. நெற்றிக் கொம்பு மெல்லிய பிளாஸ்டிக். அழுத்திப் பிடிச்சா ஒடிஞ்சிடும். “தொடாதீங்க”ன்னு சொன்னா, “பொம்மை மேல இவ்வளவு பற்றா?”ன்னு சிரிக்கிறாங்க.

நண்பர்களே, நவராத்திரி கொலுவில் யாரும் பொம்மையைக் கேட்காமல் எடுப்பதில்லை. அதில் பக்தியும் உண்டு, அடுக்கியவர் உழைப்புக்கு மரியாதையும் உண்டு. அந்த மரியாதையைத்தான் என் மேசைக்கும் கேட்கிறேன்.

ஆனா பலர் நடமாடும் இடத்தில் வைத்தவன் நான். மூடி போட்ட பெட்டியில் வைப்பது என் கடமை; கேட்டுத் தொடுவது அவர்கள் கடமை. கேட்பவருக்கு நானே திறந்து காட்டுவேன். கொம்பு ஒடிஞ்சா ஒட்டிக்கலாம். அதுக்காக ஒரு நண்பரையே வெறுத்தா, அதுதான் பற்று.