காவலில்லாக் கடற்கரையும் கணக்கில்லாக் கடனும்

விலை குறிக்கப்படாத பொருளுக்கு மதிப்பு உண்டா? காவலுக்கு ஆளில்லாத பொருளிடத்து நமக்குக் கடமை உண்டா? கடையில் அமர்ந்து யோசித்தால் இவை வேலையற்றவன் கேள்விகளாகவே தோன்றும். நமக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது, ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையிலுள்ள சாண்ட்வுட் விரிகுடாவைக் கண்ணால் காணும் வரையில்.

கிளாஸ்கோவில் வேலை பார்க்கும் எம் மைத்துனர் மகன் வற்புறுத்தியதால் அங்கே போக நேர்ந்தது. இன்வெர்னஸ் நகரிலிருந்து ஏறக்குறைய நூறு மைல் மோட்டாரில் சென்று, கின்லாக்பெர்வி என்னும் மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டி, பிளேர்மோர் என்ற சிற்றூரில் வண்டியை நிறுத்திவிட வேண்டும். அதற்கப்பால் நல்ல ரஸ்தா கிடையாது. சதுப்பு நிலத்தினூடே நான்கு மைல் நடை. மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கருமண் நிலமும் சிறு சிறு ஏரிகளும் காற்றுமே வழித்துணை. மூன்றாவது மைலில் எம் முழங்கால் எம்மோடு வழக்காட ஆரம்பித்துவிட்டது.

பிறகு கடைசி மேட்டைக் கடந்ததும் அட்லாண்டிக் மகாசமுத்திரம்! ஒன்றரை மைல் நீளத்துக்கு இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட மணல். பின்னால் மணல் மேடுகள், அவற்றுக்குப் பின்னால் நன்னீர் ஏரி. தென்முனையில் 200 அடிக்கு மேல் உயர்ந்த கல்தூண் ஒன்று கடலுக்குள் தனியே நிற்கிறது. கேலிக் மொழியில் அதற்கு ‘மேய்ப்பன்’ என்று பெயர். வடக்கே கேப் ராத் முனையில் 1828ஆம் ஆண்டு கலங்கரை விளக்கம் கட்டப்படும் முன்னர், இக்கரையோரம் பல கப்பல்களை விழுங்கியிருக்கிறதாம். அன்று எங்களைத் தவிர அங்கே இருந்தோர் நால்வரே.

வியாபாரியின் புத்தி எங்கே போகும்? “இங்கே ஒரு ஒட்டுக்கடை போட்டு, சூடாகத் தேநீரும் ரொட்டியும் வைத்தால் எப்படியிருக்கும்!” என்றோம். மருமகன் சிரித்தான். “கடை போட்டால் ரஸ்தா வேணும் மாமா. ரஸ்தா வந்தால் நீங்க பார்க்க வந்த இடம் இருக்காது” என்றான். 1993ஆம் ஆண்டு ஜான் மியூர் அறக்கட்டளை இந்நிலத்தை வாங்கி, காட்டு நிலமாகவே பேணி வருகிறதென்றும் சொன்னான்.

விஷயம் அத்துடன் முடிந்துவிடவில்லை. ரஸ்தா இல்லையென்றால் கால் ஊனமுற்றவரும் முதியவரும் என்ன செய்வது? நான்கு மைல் நடக்க வல்லவனுக்கு மட்டுமே உரியது என்றால், அந்த நடையும் ஒரு விலைதானே? இன்னும் ஐந்து வருஷம் கழித்து நாமே அந்த விலையைக் கொடுக்க முடியாதவராகி விடுவோம். இதற்கு மருமகனிடம் பதிலில்லை. எம்மிடமும் இல்லை.

‘கெடாத இடம்’ என்ற பேச்சையும் சற்றுத் தட்டிப் பார்த்தே வாங்க வேண்டும். இந்த சதர்லாந்து ஜில்லாவில் முன்பு குடிமக்கள் நிறைய இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வாடகையைவிட ஆட்டு ரோமத்தில் வருமானம் அதிகமென்று கண்ட ஜமீன், பள்ளத்தாக்குப் பள்ளத்தாக்காக அவர்களை வெளியேற்றியது. ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814லும் 1819லும் வீடுகளுக்குத் தீ வைத்ததும் நடந்தது. பலர் கடலோரத்துத் தரிசுகளுக்குத் தள்ளப்பட்டனர், பலர் கப்பலேறினர். மேய்ப்பன் என்னும் அக்கல்தூணைப் பார்க்கையில் இது எம் நினைவை விட்டு அகலவில்லை. அந்த ஜமீனின் கணக்குப் புத்தகத்தில் கூட்டல் பிழை இருந்திராது. வரவு வரவாகவே ஏறியிருக்கும். நாம் வியந்து நின்ற அமைதியில் ஒரு பங்கு அந்தக் கணக்கின் மிச்சம்.

மணலில் இறங்கி நடந்தபோது வேறொன்றைக் கண்டோம். அறுந்த மீன்வலை, நைலான் கயிறு, புட்டி மூடிகள், பாசி சுற்றிய பிளாஸ்டிக் பை ஒன்று. ரஸ்தாவை மறுத்துவிட்டார்கள், கடலை மறுக்க யாரால் முடியும்? அந்தப் பை எம் கடையிலிருந்து போனதென்று சொல்ல மாட்டோம், அது மிகை. ஆனால் எம்மைப்போல் கல்லாவில் உட்கார்ந்த ஒருவர் எங்கோ அதைச் சும்மா கொடுத்திருக்கிறார். கடன் பத்திரம் இல்லாததால் கடனே இல்லையென்று நம்மில் யாராவது சொல்வோமா? அமானிதம் என்ற சொல்லை நாணயத்துக்கும் நகைக்கும் மட்டுமே வைத்துக்கொண்டிருக்கிறோமோ என்று பட்டது.

இரண்டு கை கொண்டமட்டும் பொறுக்கிச் சுமந்து வந்தோம். ஈரக் கயிற்றின் கனம் நான்கு மைலில் இரட்டிக்கும் என்பதை அன்றுதான் அறிந்தோம். கரையைத் திரும்பிப் பார்த்தால் ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஸ்காட்லாந்தில் 2014 அக்டோபர் முதல் பைக்குக் காசு வாங்க வேண்டுமென்பது சட்டம். சிங்கப்பூரிலும் 2023 ஜூலை 3ஆம் தேதி முதல் பெரிய பேரங்காடிகள் பை ஒன்றுக்குக் குறைந்தது 5 காசு வாங்குகின்றன. சிறு கடைக்காரர்களாகிய நம்மை அச்சட்டம் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தாத இடத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி. “பக்கத்துக் கடையிலே சும்மா தர்றானே” என்று வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே சொல்லும்போது நியாயம் பேசுவது எளிதன்று. போட்டியையும் கடை வாடகையையும் அறியாதவர்தாம் இதை எளிதென்பார்.

ஊர் திரும்பியதும் காசு வாங்க எமக்குத் துணிவு வரவில்லை. “பை வேணுமா?” என்று கேட்டுவிட்டுக் கொடு என்று மட்டும் கடைப் பையனிடம் சொன்னோம். பெரும்பாலோர் ஒரு கணம் யோசித்துவிட்டு வேண்டாம் என்கிறார்கள். வாரம் ஆறு கட்டு போன இடத்தில் இப்போது நான்கு போகிறது. பன்னிரண்டு வருஷ வாடிக்கையாளர் ஒருவர் மட்டும், கேட்டதையே அவமதிப்பாக எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். காலையில் கடை திறக்கும்போது அவர் எதிர்ப்புறம் நடந்து போவதைப் பார்க்கிறோம். ஸலாம் சொல்கிறோம், பதில் சொல்கிறார், கடைக்குள் வருவதில்லை.