யாருக்குக் கை தட்டுவது?

மார்கழி மாசத்தில் கெட்டி மேளச் சத்தம் கேட்டால் மற்ற ஊர்களில் ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். திருக்கடையூரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே முகூர்த்தம் என்பது பஞ்சாங்கத்தில் இல்லை; அறுபதோ எண்பதோ நிறைந்தவர் எந்த மாசத்தில், எந்த நட்சத்திரத்தில் பிறந்தாரோ அதுதான் முகூர்த்தம். காலனைக் காலால் உதைத்த சுவாமியின் சந்நிதியில் கிழவர்கள் கிழவிகளுக்குத் தாலி கட்டுவதைப் பேரப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு பார்க்கிறார்கள்.

2025ஆம் வருஷம் டிசம்பர் 16ஆம் தேதி, மார்கழி முதல் நாள், என் பால்ய சிநேகிதர் ஒருவருக்கு அங்கே சஷ்டியப்த பூர்த்தி நடந்தது. காலையில் கலசாபிஷேகம், தாலி கட்டு, ஆசீர்வாதம் எல்லாம் முடிந்து, வாழையிலைச் சாப்பாடும் முடிந்து, விடுதிக் கூடத்தில் உறவினர்கள் வெற்றிலையும் கையுமாகச் சாய்ந்திருந்தார்கள். சிநேகிதரின் பேரனுக்குப் பதினோரு வயது. காலையிலிருந்து அவனைப் படுத்திக்கொண்டிருந்த பட்டு வேஷ்டியை அவிழ்த்து எறிந்துவிட்டு, மஞ்சள் நிறச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்தான். சட்டையின் முதுகில் 8 என்ற எண்ணும் ஜடேஜாவின் பெயரும் இருந்தன.

அபுதாபியில் ஐ.பி.எல். ஏலம் நடந்துகொண்டிருந்தது.

கிரிக்கெட்டில் அக்கறையில்லாத வாசகர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ஐந்து முறை கோப்பை வாங்கியது. 2025இல் பத்து அணிகளில் பத்தாவதாக வந்தது. அப்படிக் கடைசியாக வந்தது அதுவே முதல் தடவை. நெல் வயலாகட்டும், விளையாட்டாகட்டும், ஒரு பருவம் பொய்த்துவிட்டால் அடுத்த பருவத்துக்கு முன்னால் செய்யவேண்டிய காரியங்கள் சில இருக்கின்றன. அணியின் நிர்வாகம் அவற்றைச் செய்தது. நவம்பர் 15ஆம் தேதி ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்து, அங்கிருந்து சஞ்சு சாம்சனைப் பெற்றுக்கொண்டது. பதிரனா என்ற இலங்கைப் பந்துவீச்சாளரை விடுவித்தது. ஏலத்தில் கல்கத்தா அணி அவரை 18 கோடிக்கு எடுத்துக்கொண்டது. சென்னையோ இருபது வயதான பிரசாந்த் வீருக்கும் பத்தொன்பது வயதான கார்த்திக் சர்மாவுக்கும் ஆளுக்கு 14 கோடியே 20 லட்சம் கொடுத்தது. இருவருமே இந்தியாவுக்காக ஆடியவர்கள் அல்ல. இருவருக்கும் ஏலம் 30 லட்சத்தில்தான் தொடங்கியது.

"நம்ம பக்கத்திலே குளத்து மீனைத்தான் ஏலம் விடுவா. மனுஷாளை ஏலம் விடறதை இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்றார் சிநேகிதரின் மைத்துனர்.

பையன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தாத்தாவின் பக்கம் திரும்பி, "தாத்தா, ஜடேஜா ராஜஸ்தான் சட்டை போட்டுண்டு வந்து நம்மோட ஆடினா, நான் யாருக்குக் கை தட்டறது?" என்று கேட்டான்.

கூடத்தில் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். "சட்டைக்குத் தட்டுடா. ஆள் வருவான், போவான்" என்றார் மைத்துனர். "யார் நன்னா ஆடறாளோ அவாளுக்குத் தட்டு" என்றாள் பாட்டி. "கோடி கோடியா வாங்கறவனுக்கு நீ எதுக்குடா தட்டணும்?" என்றார் இன்னொருவர். பையனுக்கு எந்தப் பதிலும் திருப்தியாக இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் இல்லை.

சாயங்காலம் நான் தனியாகக் கோவிலுக்குப் போனேன். மிருகண்டு முனிவரின் முன்னால் வைக்கப்பட்ட கேள்வியும் ஒரு விதத்தில் இந்த ஏலக்காரர்களின் கேள்விதானே என்று நினைத்துக்கொண்டேன். மந்த புத்தியும் நீண்ட ஆயுசும் உள்ள பிள்ளைகள் வேண்டுமா, பதினாறே வயசு வாழ்கிற அறிவுள்ள பிள்ளை ஒருவன் வேண்டுமா? அவர் பதினாறைக் கேட்டு வாங்கினார். மார்க்கண்டேயன் சிவலிங்கத்தைக் கட்டிக்கொண்டான். எமன் பாசக்கயிற்றை வீசினான். சுவாமி எமனை உதைத்துத் தள்ளினார். இதுவரையில் எல்லாருக்கும் தெரிந்த கதை. இதற்குப் பிறகு நடந்ததைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எமன் விழுந்ததும் உலகத்தில் சாவு நின்றுபோயிற்று. பாரம் தாங்காமல் பூமாதேவி வந்து முறையிட்டாள். சுவாமி எமனை மறுபடியும் எழுப்பித் தம் வேலையைப் பார்க்கும்படி அனுப்பினார்.

ஆகவே, விடுவிப்பது என்பதே பாவம் என்று திருக்கடையூரில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. பத்தாவது இடத்துக்கு வந்த அணி அதே ஆட்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதைப் பாசம் என்று சொல்லலாம். நிர்வாகம் என்று சொல்ல முடியாது. பழையவர் ஒருவர் எழுந்தால்தான் பத்தொன்பது வயதுக்காரனுக்கு இடம் கிடைக்கும்.

அப்படியானால் பையனின் மனசில் குத்துவது எது? விற்கப்பட்டார் என்பதா?

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருவருக்கு அப்படித்தான் குத்தியது. கர்ட் ஃப்ளட் என்பவர் செயின்ட் லூயி அணிக்குப் பன்னிரண்டு பருவங்கள் ஆடினார். 1969இல் அவரைக் கேட்காமலே பிலடெல்பியா அணிக்கு மாற்றினார்கள். அந்த நாளில் அங்கே ஓர் ஆட்டக்காரரை அவருடைய அணி விரும்பும் மட்டும் கட்டி வைத்துக்கொள்ளலாம், விரும்பினால் கைமாற்றலாம். ஃப்ளட் மறுத்தார். தாம் வாங்கி விற்கிற சொத்து அல்ல என்று எழுதிக் கொடுத்துவிட்டு வழக்குப் போட்டார். பெரிய சம்பளத்தை விட்டுவிட்டு 1970 முழுவதும் ஆடாமல் இருந்தார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றுப்போனார். ஆனாலும் 1975இல் வேறு இரண்டு ஆட்டக்காரர்களின் விவகாரத்தில் வந்த தீர்ப்பினால் அந்தக் கட்டு அவிழ்ந்தது. அவர் தொடங்கிய சண்டையின் பலன் பின்னால் வந்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஜடேஜாவும் சென்னைக்குப் பன்னிரண்டு பருவங்கள் ஆடியவர்தான். ஆனால் அவர் சம்மதிக்காமல் இந்தக் கைமாற்றம் நடந்திருக்க முடியாது, ஐ.பி.எல். விதி அப்படி. 18 கோடியிலிருந்து 14 கோடிக்குச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டே போனார். போன இடமும் அன்னியமல்ல. 2008இல் பத்தொன்பது வயதுப் பையனாக அவர் முதலில் ஆடியது ராஜஸ்தானுக்குத்தான். அந்த வருஷம் இறுதி ஆட்டத்தில் அவர்கள் தோற்கடித்தது சென்னையைத்தான். அவரை அடிமை என்று சொல்லி அழுதால் ஃப்ளட்டின் கஷ்டத்தை மலிவாக்கியதாகும்.

இப்படி எல்லாவற்றையும் நியாயமாக யோசித்துக்கொண்டு வந்தவனுக்குத் திடீரென்று எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகை ஞாபகம் வந்தது.

மாயவரத்துக்குக் கிழக்கே எங்கள் கிராமம். எனக்குப் பதின்மூன்று வயசாக இருந்தபோது, 1978இல், என் தகப்பனார் டிராக்டர் வாங்கினார். உழவு மாடு ஒரு ஜோடி இருந்தது. தரகர் வந்தார். அவரும் அப்பாவும் துண்டுக்குள் கையை விட்டுக்கொண்டு, ஒருவர் விரலை ஒருவர் பிடித்து, வெளியே தெரியாமல் விலை பேசினார்கள். (2012இல் ஜடேஜாவின் விலையும் கடைசியில் அப்படித்தான் முடிந்தது. சென்னையும் ஹைதராபாத்தும் ஏலத்தில் 20 லட்சம் டாலர் என்ற உச்சவரம்பைத் தொட்டதும், மேற்கொண்டு தரும் தொகையை ரகசியமாக எழுதிக் கொடுத்தார்கள்.) மாடுகள் போகிற அன்று அம்மா மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். அகத்திக் கீரை ஊட்டினாள். ஆரத்தி சுற்றிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த மாடுகளைப் பிடித்து எங்கள் நிலத்தை இருபது வருஷத்துக்கு மேல் உழுதவர் ஒருவர் உண்டு. அதே வாரம் அவருக்கும் வேலை போயிற்று. அப்பா கொல்லைப்புறத்தில் நின்றபடி இரண்டு கலம் நெல்லும் ஒரு வேஷ்டியும் கொடுத்தார். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஆரத்தியும் இல்லை, அழுகையும் இல்லை. அந்த வயசில் நான் அவரை நீ, வா, போ என்றுதான் பேசினேன். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன்; இந்த மரியாதை அவருக்குப் போய்ச் சேராது.

அடுத்த மாட்டுப் பொங்கலன்று அவர் கொல்லை வழியாக வந்தார். காலியாகக் கிடந்த கொட்டகையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னிடம், "மாட்டை எந்த ஊருக்குக் குடுத்தாங்க, சின்னய்யா?" என்று கேட்டார். "தெரியாது" என்றேன். உள்ளே போய் அப்பாவைக் கேட்டிருக்கலாம். பொங்கல் சாப்பிட்டாயா என்றாவது கேட்டிருக்கலாம். வாசலில் என் சிநேகிதர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்; ஓடிவிட்டேன்.

டிராக்டர் வாங்கியது தவறு என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை. அப்பா வாங்காவிட்டால் அடுத்த மிராசுதார் வாங்கியிருப்பார். இரண்டு கலம் நெல்லைக் கொடுத்ததும் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று நாங்கள் நினைத்ததுதான் தவறு. கூலி கொடுத்துத் தீர்க்கக்கூடியது வேலையின் கணக்கு மட்டுமே. இருபது வருஷம் ஒருவர் கையால் சாப்பிட்ட நன்றி கூலியோடு சேர்ந்து தீர்ந்துபோவதில்லை. அவரை அனுப்பிய பிறகும் அது நம்மிடமே தங்குகிறது. ஒருவரை அனுப்ப நமக்கு உரிமை இருக்கலாம். மறக்க உரிமை இல்லை.

ராத்திரி விடுதிக்குத் திரும்பியபோது பையன் தூங்காமல் இருந்தான். 2023ஆம் வருஷ இறுதி ஆட்டத்தைத் தகப்பனாரின் போனில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆமதாபாத்தில் மழை பெய்து, ஆட்டம் நள்ளிரவைத் தாண்டி, கடைசி இரண்டு பந்தில் பத்து ஓட்டம் வேண்டியிருந்த இடம். ஜடேஜா முதல் பந்தைச் சிக்ஸருக்கும் அடுத்ததை நாலுக்கும் அடித்துவிட்டு ஓடிவந்தார். தோனி அவரைத் தூக்கிக்கொண்டார்.

"சட்டையை என்ன பண்ணப் போறே? சாம்சன் பேர் போட்டுப் புதுசு வாங்கித் தரட்டுமா?" என்று கேட்டேன்.

"புதுசும் வாங்கித் தாங்கோ, தாத்தா. இதையும் வச்சுப்பேன்" என்றான். சற்று யோசித்துவிட்டு, "அவர் பேட்டை எடுத்துண்டு உள்ளே வரச்சே எழுந்து நின்னு கை தட்டுவேன். அப்புறம் உடனே அவுட் ஆயிடணும்னு வேண்டிப்பேன்" என்றான்.

பெரியவர்கள் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து சொல்ல முடியாத பதிலை அவன் அரை நாளில் கண்டுபிடித்துவிட்டான். அணிக்குச் செய்ய வேண்டியதும் அதில் இருந்தது, ஆளுக்குச் செய்ய வேண்டியதும் இருந்தது. எனக்குப் படுத்தபிறகு வெகு நேரம் தூக்கம் வரவில்லை. கொல்லை வழியாக வந்த ஒருவருக்காக எழுந்து நிற்க எனக்கும் ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது, நான்தான் நிற்கவில்லை.